தலையணைக்குள் நாற்பது கமலாப்பழம்

நாற்பது கமலாப்பழங்களைத் தலையணை உறைக்குள் போட்டு வாயைத் தைத்த அன்றிலிருந்தே அலீடாவுக்கு நிம்மதி போய்விட்டது. அறுபத்தோரு வயதில், ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பூ அலங்காரம் செய்கிற ஒரு பெண்மணி, நாட்டு எல்லையில் பழம் கடத்துவதென்றால் சும்மாவா? பழங்களைப் பஞ்சுக்கு நடுவே பரப்பி, மேலே கையால் அமுக்கிப் பார்த்து, உருட்டித் தட்டையாக்கி, ட்ரெய்லருக்குள் இருந்த மெத்தையின் தலைமாட்டில் வைத்தாள். அதன் மேல் இரண்டு போர்வைகளையும் மடித்துப் போட்டாள்.

தென்னாப்பிரிக்காவில் அவர்கள் ஊரான லெட்சித்தேலேயில் இதெல்லாம் ஒரு குற்றமே இல்லை. சுற்றிலும் பழத்தோட்டம், பழம் இல்லாமல் அந்த ஊரில் யாரும் வண்டியைக் கிளப்புவதில்லை. காலடியில் ஒரு பை கமலா, வண்டி முகப்பில் உரித்த தோல், ஜன்னலுக்கு வெளியே துப்பிய விதை. இப்படித்தான் அவர்கள் ஊர் தாண்டிப் போவார்கள். போட்ஸ்வானா எல்லையில் பழத்தைப் பிடுங்கிக் குழியில் கொட்டிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே உப்புக்கண்டத்தைச் செருப்புக்குள்ளும், பழத்தைப் படுக்கைக்குள்ளும் ஒளித்துக்கொண்டு போவார்கள். எல்லை தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, அதிகாரியை எப்படி ஏமாற்றினோம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே உரித்துத் தின்பார்கள். பயணத்தில் பாதிச் சுகம் அதில்தான்.

அலீடா சுகத்துக்காக ஒளிக்கவில்லை. மார்ச் மாதம் அவள் புருஷன் ஃபானுக்கு நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். முப்பத்து நான்கு வருஷம் பழம் கட்டும் கொட்டகையில் மேஸ்திரியாக இருந்து, பெட்டிகளைப் பந்து மாதிரி தூக்கிப் போட்டவன், வீடு திரும்பியபோது சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டியிருந்தது. இறைச்சி வேண்டாம் என்றான், சோளக் கஞ்சி வேண்டாம் என்றான். சமையலறைக்குப் பின்னால் நின்ற கமலா மரம் காய்த்த பிறகுதான் காலையில் இரண்டு பழம் உள்ளே போயிற்று. அதற்குப் பின் ஒரு வாய்ச் சோறும் போயிற்று. அந்த இரண்டு பழத்தின் மேல்தான் அவன் உயிர் நிற்கிறது என்று அலீடா முடிவுகட்டிவிட்டாள். டாக்டரிடம் கேட்டால் சிரித்திருப்பார், அதனால் அவள் கேட்கவில்லை.

பயணமே வேண்டாம் என்றுதான் பிரிட்டோரியாவிலிருந்து மகள் எல்னா தினமும் போன் செய்தாள். ஃபான் கேட்கவில்லை. அந்த ட்ரெய்லரை அவன் மூன்று வருஷம் தன் கையால் வெல்டு வைத்துக் கட்டியிருந்தான். மேலே விரிகிற கூடாரம், உள்ளே மெத்தை, பக்கவாட்டில் இழுத்தால் வருகிற அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்பெட்டி, முன்னால் மூக்கில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி. ஓய்வு பெற்றதும் வடக்கே காட்டுக்குப் போகவேண்டும் என்று கட்டியது. ஓய்வுக்கு முன்னால் நெஞ்சு முந்திக்கொண்டது. “இந்த வருஷம் போகலேன்னா அப்புறம் ட்ரெய்லர்தான் இருக்கும், நான் இருக்க மாட்டேன்” என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னான். அதன் பிறகு அலீடாவால் மறுக்க முடியவில்லை.

டாக்டர் நான்கு விஷயம் சொல்லி அனுப்பினார். கனம் தூக்கக் கூடாது, நெடுந்தூரம் ஓட்டக் கூடாது, நெஞ்சு வலித்தால் உடனே நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை, கோபப்படக் கூடாது. கடைசியை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மாத்திரை ஒரு சின்னப் பழுப்புக் குப்பியில் இருந்தது. அதை அவன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் அலீடாவே மாட்டிவிட்டாள். ஓட்டுவதும் அவள்தான் என்றாயிற்று. நாற்பது வருஷமாகக் கார் ஓட்டியவள்தான், ஆனால் பின்னால் ஒரு டன்னை இழுத்துக்கொண்டு ஓட்டியதில்லை.

எல்லையில் அதிகாரி தக்காளியை மட்டும் பிடுங்கிக்கொண்டு அவர்களைப் போகச் சொல்லிவிட்டார். மெத்தைப் பக்கம் அவர் போகவில்லை. அதற்குப் பிறகுதான் பயணம் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. ட்ரெய்லரின் மூக்கைத் தாங்குகிற சின்னச் சக்கரத்தை மேலே தூக்கிக் கட்ட மறந்துபோய் பதினைந்து கிலோமீட்டர் தரையில் இழுத்துத் தேய்த்தார்கள். கரடுமுரடுச் சாலையில் குளிர்பெட்டி திறந்துகொண்டு பால் முழுவதும் மெத்தைக்குக் கீழே போயிற்று. மறுநாள் வெயிலில் அது நாற்றத்தால் தன்னை அறிவித்துக்கொண்டது. பின்விளக்குக் கம்பி அறுந்து, போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி நீண்ட நேரம் புத்தி சொன்னார். நாட்டா என்ற ஊரில் பெட்ரோல் போட நின்ற இடத்தில் ட்ரெய்லரைப் பின்னால் எடுக்க வேண்டி வந்தது. அலீடா வலப்பக்கம் திருப்பினால் அது இடப்பக்கம் போயிற்று. பெட்ரோல் பையன்களும் லாரிக்காரர்களும் கூடி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஃபான் கீழே இறங்கி நின்று, “கிழவி, நீ ஒன்னும் செய்யாத. சும்மா உக்காரு. அதுவா வெக்கப்பட்டுப் போயிடும்” என்றான்.

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அவன் சிரிக்கும்போது அவன் கை நெஞ்சுப் பக்கம் போகிறதா என்றுதான் அவள் கண் பார்த்துக்கொண்டிருந்தது. இரவில் கூடாரத்துக்குள் அவன் மூச்சு ஒரு கணம் நின்று மறுபடி வரும்வரை அவளும் மூச்சை நிறுத்திப் படுத்திருந்தாள். பகலில் ஓட்டும்போது சாலையைப் பாதி, அவன் முகத்தைப் பாதி பார்த்தாள். இந்தப் பயத்தோடு ஒரு ஆள் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் போக முடியும் என்று அவளுக்கே தெரியவில்லை.

தினமும் காலையில் அவன் எழுவதற்கு முன் தலையணையின் தையலை இரண்டு விரல் பிரித்து இரண்டு பழம் எடுத்து, உரித்துத் தட்டில் வைத்துவிட்டு, மறுபடி ஊசியால் மூடுவாள். கடையில் வாங்கினது என்பாள். அவன் ஒன்றும் கேட்காமல் தின்றான்.

மவுன் நகரத்தைத் தாண்டி, வனவிலங்குப் பூங்காவுக்குள் நுழைகிற அன்று காலை எரிவாயு அடுப்பில் காப்பிக் குவளை சாய்ந்து ஃபானின் சட்டையெல்லாம் கொட்டிவிட்டது. சூடில்லை, கறைதான். அவன் முணுமுணுத்துக்கொண்டே வேறு சட்டை மாட்டினான். ஈரச் சட்டையை அழுக்குப் பைக்குள் திணித்து, பையை ட்ரெய்லரின் மூக்குப் பெட்டிக்குள் போட்டு மூடினாள் அலீடா. இரண்டு பேருக்குமே அப்போது அந்தப் பழுப்புக் குப்பி நினைவுக்கு வரவில்லை.

பூங்கா வாசலில் ஒரு தடுப்புக் கம்பும் ஒரு சின்ன அலுவலகமும் இருந்தன. காவலர் ஒனாலென்னா முப்பத்தைந்து வயதுப் பெண், விறைப்பான பச்சைச் சீருடை, சிரித்த முகம். முதலில் நலம் விசாரிப்பு. எப்படித் தூங்கினீர்கள், வழி எப்படி இருந்தது என்று எல்லாம் முறையாகக் கேட்டு முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

“ஆரஞ்சு, எலுமிச்சை, கமலா, அந்த மாதிரி ஏதாவது வச்சிருக்கீங்களா அம்மா? இருந்தா இங்கயே குடுத்துட்டுப் போங்க. யானை வாசனை பிடிச்சு வந்துடும்.”

“இல்லம்மா” என்றாள் அலீடா.

எல்லையில் கேட்ட கேள்விதான் இங்கேயும் என்று அவள் நினைத்தாள். அதிகாரிகள் எல்லோரும் ஏதாவது ஒரு காரணம் சொல்லிப் பழத்தைப் பிடுங்குவார்கள். இவர்கள் யானையைச் சொல்கிறார்கள். நாற்பதில் இன்னும் முப்பது மிச்சம் இருந்தது. பத்து நாள் காட்டில் அவன் என்ன தின்பான்? ஒனாலென்னா குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தாள், காய்கறிக் கூடையைக் கிளறினாள். பிறகு அவள் கை போர்வையின் ஓரத்துக்குப் போயிற்று.

“படுக்கையக் கலைச்சிடாதம்மா” என்று வண்டியிலிருந்து ஃபான் குரல் கொடுத்தான். “என் பொண்டாட்டி காலையில ஒரு மணி நேரம் அதை மடிச்சா. கலைஞ்சா என்னைத்தான் திட்டுவா.”

ஒனாலென்னா சிரித்துக் கையை எடுத்துக்கொண்டாள். கம்பு உயர்ந்தது. மணல் பாதை, பகல் வெயிலில் இளகியிருக்கும், டயர் காற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள், வண்டியை விட்டு இறங்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

காற்றைக் குறைத்தார்கள். போதுமான அளவு குறைக்கவில்லை என்பது பதினான்காவது கிலோமீட்டரில் தெரிந்தது. இரண்டு சக்கரத் தடம், நடுவில் மேடு, இரண்டு பக்கமும் மொப்பானிப் புதர். மணல் மாவாக இருந்தது. வேகத்தைக் குறைக்காதே என்று ஃபான் சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு வளைவில் அவளுக்குப் பயம் வந்து கால் பெடலிலிருந்து லேசாக எழுந்தது. அவ்வளவுதான். பின்னால் இருந்த ஒரு டன் நங்கூரம் போட்டுக்கொண்டது. அவள் மிதித்தாள், சக்கரம் சுற்றியது, வண்டி வயிறு வரைக்கும் இறங்கியது.

மணி பன்னிரண்டரை. தொலைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அலீடா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஐந்து நிமிஷம் தோண்டினாள். சக்கரம் ஓடிய பள்ளத்தை ஒரு பக்கம் திறந்தால் மறுபக்கம் மணல் சரிந்து மூடியது. மூன்றாவது முறை அவள் நிமிர்ந்தபோது ஃபான் கீழே நின்றிருந்தான். மண்வெட்டியைக் கேட்டான். அவள் தரமாட்டேன் என்றாள். முப்பத்து நான்கு வருஷம் மேஸ்திரியாக இருந்தவன், பொண்டாட்டி மண் வெட்ட, தான் நிழலில் உட்கார்ந்திருப்பதைக் காட்டில் ஒரு குரங்குகூடப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருக்கிறான். பிடுங்கிக்கொண்டான். எட்டு மண்வெட்டி மண் தள்ளினான். அவள் எண்ணினாள். ஒன்பதாவதில் மண்வெட்டி கையிலிருந்து விழுந்தது.

அவன் உட்காரவில்லை, விழவில்லை. டயரின் மேல் கையை ஊன்றி, ஏதோ கேட்பதற்குக் காதைச் சாய்த்தவனாக அப்படியே நின்றான். முகம் சாம்பலாகிவிட்டது. அலீடா அவனைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு போய் முன் இருக்கையில் சாய்த்துப் படுக்கவைத்தாள். எத்தனை மாதமாக எதற்குப் பயந்தாளோ அது வந்துவிட்டது. சட்டைப் பையைத் தடவினாள். பை காலி. சட்டை புதுச் சட்டை.

அப்போதுதான் குப்பி எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்தது. காப்பிச் சட்டை. அழுக்குப் பை. மூக்குப் பெட்டி. பத்தடி தூரம்தான். கதவைத் திறக்கத் திரும்பியவள் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். ட்ரெய்லருக்குப் பின்னால் இருந்த புதர் வழிவிட்டு விலகியது.

யானை சத்தமே போடாமல் வந்தது. அத்தனை பெரிய உடம்பு ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்காமல் வந்ததுதான் அவளுக்குக் கூடுதல் பயமாக இருந்தது. ஒற்றை ஆண் யானை. ட்ரெய்லரின் இடப்பக்கமாக வந்து நின்றது. துதிக்கையை நீட்டித் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டது, விட்டது. அடுப்பைத் தொட்டது, விட்டது. பிறகு துதிக்கை மெல்ல மேலே ஏறி, மெத்தை இருக்கிற இடத்தில், கூடாரத் துணியின் மேல் நின்று, உள்ளே இருப்பதை வெளியிலிருந்தே மோந்தது.

அலீடாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“அதுக்கு என்ன வேணும்?” என்று ஃபான் கண்ணைத் திறக்காமல் கேட்டான். வண்டி ஆடியதை வைத்தே தெரிந்துகொண்டான்.

“கமலா” என்றாள். “நான் தலையணைக்குள்ள வச்சிருக்கேன். அந்தப் பொண்ணுகிட்ட இல்லன்னு பொய் சொன்னேன் ஃபான்.”

“எத்தனை?”

“கிளம்பும்போது நாப்பது.”

அவன் உதடு கொஞ்சம் கோணிற்று. “நாப்பதா… எனக்கு ரெண்டு ரெண்டாதான குடுத்த, கஞ்சப் பிசினாறி.” சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் வலியாக மாறி, அவன் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின. நகம் பதிகிற அளவு இறுக்கின. அந்த விரல்கள் சில்லென்று ஈரமாக இருந்தன.

துணி கிழிகிற சத்தம் கேட்டது. நீளமாக, அவசரமில்லாமல், யாரோ கடையில் துணி கிழித்துக் கொடுப்பதைப் போல. தகர டப்பாக்கள் உருண்டு விழுந்தன. யானை ட்ரெய்லரை நெற்றியால் ஒரு தள்ளுத் தள்ள, வண்டியின் பின்பக்கம் தூக்கிப் போட்டது. காத்திருக்கலாம், தின்றுவிட்டுப் போய்விடும் என்று அலீடாவின் ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் ஃபானின் உதட்டைப் பார்த்தது. அந்த உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. காத்திருக்க முடியாது.

வலப்பக்கக் கதவை விரல் அளவு, பிறகு கை அளவு, பிறகு உடம்பு அளவு திறந்து இறங்கினாள். கதவை மூடவில்லை, மூடினால் சத்தம் வரும். மணலில் செருப்பு புதைந்தது. செருப்பை விட்டுவிட்டு நடந்தாள். மணல் நெருப்பாய்ச் சுட்டது. ஒவ்வொரு அடிக்கும் அவளுக்குத் திரும்பி ஓடிவிடலாம் என்றிருந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை, அவள் வீராங்கனை இல்லை. வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் ஃபானைக் கூப்பிடுகிறவள்.

மூக்குப் பெட்டியின் தாழ்ப்பாளில் புழுதி ஏறியிருந்தது. தூக்கி, உள்ளே தள்ளி, பிறகு இழுக்க வேண்டும். ஃபான் ஆயிரம் தடவை காட்டியிருக்கிறான், அவள் ஒரு தடவையும் சரியாகப் பார்த்ததில்லை. முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவதில் கிறீச்சென்றது. மறுபக்கத்தில் மெல்லுகிற சத்தம் நின்றுபோயிற்று.

அலீடா தலையைத் தூக்கினாள். ட்ரெய்லரின் கூரைக்கு மேலே யானையின் தலை. நடுவில் ஆறடி இரும்பும் கிழிந்த துணியும்தான். இரண்டு காதுகளும் விரிந்து நின்றன. இடது காதில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் வழியாகப் பின்னால் இருந்த இலைகள் தெரிந்தன. வலது தந்தம் பாதியில் முறிந்திருந்தது. அதன் மூச்சு அவள் முகத்தில் அடித்தது. அந்த மூச்சில் கமலா வாசனை, அவள் சமையலறைக்குப் பின்னால் காலையில் வருகிற அதே வாசனை.

அவள் ஓடவில்லை. அது தைரியம் அல்ல, கால்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். யானை அவளைப் பார்த்தது. நீண்ட நேரம் பார்த்தது. நினைத்திருந்தால் துதிக்கையை ஒரு முறை வீசியிருக்கலாம். பிறகு அந்தக் காதுகள் மெல்ல மடங்கின. தலை கீழே போயிற்று. மறுபடி மெல்லுகிற சத்தம் கேட்டது.

பையைக் கிழித்துச் சட்டையை இழுத்துக் குப்பியை எடுத்தாள். எப்படி வண்டிக்குத் திரும்பினாள் என்று அவளுக்கு நினைவில்லை. மாத்திரையை அவன் நாக்குக்கு அடியில் வைத்தாள். ஐந்து நிமிஷம். கடிகாரத்தையும் அவன் தொண்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னொன்று வைத்தாள். வலி பாதியாகக் குறைந்தது என்றான், போகவில்லை என்றான். உதட்டில் நிறம் கொஞ்சம் திரும்பியிருந்தது, ஆனால் டாக்டர் இரண்டாவது மாத்திரைக்குப் பிறகும் வலி இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும்.

“கழட்டி விட்டுட்டுப் போ” என்றான் ஃபான்.

மூன்று வருஷம் கட்டியதை அவன் இப்படி ஒரே வாக்கியத்தில் விடுவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

“எனக்குக் கழட்டத் தெரியாதே.”

“முதல்ல விளக்குக் கம்பி. அப்புறம் சங்கிலி. கடைசியாத்தான் கொக்கி. கொக்கிய இழுக்கும்போது மூஞ்சிய அதுக்கு நேரா வைக்காத. யானை பின்னால சாஞ்சு நிக்குது, ட்ரெய்லர் மூக்கு மேல பறக்கும்.”

அவள் மறுபடி இறங்கினாள். இந்த முறை குனிந்து, வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் முழங்காலிட்டாள். கம்பி எளிதாக வந்தது. சங்கிலியின் பூட்டு வளையம் துருப்பிடித்திருந்தது, பல்லைக் கடித்துத் திருகினாள், கட்டைவிரல் தோல் பிய்ந்தது. பக்கத்தில் யானையின் வயிறு உறுமுவது மணல் வழியாக அவள் முழங்காலில் கேட்டது. கொக்கியின் பிடியை இழுத்தபோது ட்ரெய்லரின் மூக்கு அவள் காதோரமாக விசுக்கென்று மேலே எழும்பி நின்றது. யானை ஓரடி பின்வாங்கி, எரிச்சலோடு தலையை உதறிக்கொண்டது. அவ்வளவுதான் செய்தது.

பாரம் போனதும் வண்டி இரண்டு முறை முக்கி மணலை விட்டு எழுந்தது. ஐம்பது அடி முன்னால், இதே வளைவில் மாட்டிக்கொண்ட வேறு யாரோ புதருக்குள் ஒரு சுற்றுவழி போட்டிருந்தார்கள். அதில் திருப்பி, புதரை மிதித்துக்கொண்டு, யானைக்கு இருபது அடி தள்ளித் தாண்டினாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஞ்சுக்குள் துதிக்கையை விட்டு ஒவ்வொரு பழமாகத் தேடி எடுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அலீடாவுக்கு அதன் மேல் ஒரு நன்றி வந்தது, அழுகையே வந்தது.

பதினான்கு கிலோமீட்டரையும் ஃபானோடு பேசிக்கொண்டே ஓட்டினாள். அவன் பதில் சொல்லாத இரண்டு மூன்று தடவை உயிர் போய் உயிர் வந்தது.

வாசலில் ஒனாலென்னா ஒரு கேள்வி கேட்காமல் ஓடிவந்தாள். இருவரும் சேர்ந்து அவனை அலுவலகத்துக்குள் பெஞ்சில் படுக்கவைத்தார்கள். அவள் வானொலியில் கூப்பிட, பக்கத்து விடுதியிலிருந்து ஒரு நர்ஸ் ஆக்சிஜனோடு வந்தார். நாடி பார்த்தார், ஊசி போட்டார், மவுனிலிருந்து சின்ன விமானம் கிளம்பிவிட்டது என்றார். ஒரு மணி நேரத்தில் ஃபானின் கன்னத்தில் ரத்தம் தெரிந்தது. தாங்கிவிட்டார், சரியான நேரத்தில் மாத்திரை கொடுத்திருக்கிறீர்கள் என்று நர்ஸ் அலீடாவின் தோளைத் தட்டினார். அப்போதுதான் அவளுக்குத் தான் செருப்பில்லாமல் நிற்பது தெரிந்தது.

ஒனாலென்னா ஒரு பெரிய நோட்டைக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தாள். எழுதியாக வேண்டும் என்றாள், மன்னிப்புக் கேட்கும் குரலில். எந்த இடம், எத்தனை மணி, ட்ரெய்லரில் என்ன இருந்தது?

அலீடா எதையும் மறைக்கவில்லை. கமலாப்பழம், முப்பது இருக்கும், உன்னிடம் பொய் சொன்னேன் என்றாள். திட்டுவாள், அபராதம் போடுவாள் என்று காத்திருந்தாள். ஒனாலென்னா தலையைக் குனிந்து எழுதிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

“எப்படிப்பட்ட யானைம்மா? அடையாளம் ஏதாவது பாத்தீங்களா?”

பார்த்தாளா! அலீடாவுக்கு வாய் ஓயவில்லை. நாள் பூராவும் அடைத்துக்கிடந்தது எல்லாம் வெளியே வந்தது. வலது தந்தம் பாதி முறிந்தது, இடது காதில் கை நுழைகிற ஓட்டை. எவ்வளவு பெரியது, எவ்வளவு சாது. ஆறடி தூரத்தில் தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றதையும், ஒன்றும் செய்யாமல் விட்டதையும், தான் கொக்கியைக் கழற்றும்வரை பொறுத்ததையும் விலாவாரியாகச் சொன்னாள். அது விட்டதால்தான் என் புருஷன் பிழைத்தான் என்றாள்.

ஒனாலென்னாவின் பேனா நின்றிருந்தது.

“அவனை எங்களுக்குத் தெரியும்” என்றாள். “நான் இங்க வேலைக்குச் சேந்த வருஷத்துலேர்ந்து தெரியும். ஒருத்தரையும் தொட்டதில்ல அவன்.” தடுப்புக் கம்புப் பக்கம் கையைக் காட்டினாள். “ஒரு தடவை வண்டியிலேர்ந்து தின்னுட்டான்னா, அடுத்த வண்டியையும் உடைப்பான்மா. அதுல குழந்தைங்க இருக்கலாம். மவுன் ஆபீசுக்குச் சொல்லணும். நாளைக்குத் துப்பாக்கியோட ஆள் வருவாங்க.”

முதலில் அலீடாவுக்கு அர்த்தம் ஏறவில்லை. ஏறியதும் எழுந்துவிட்டாள். எழுதியதை அடித்துவிடு என்றாள். அடையாளம் தெரியவில்லை என்று எழுது, நான் பயத்தில் ஒன்றும் பார்க்கவில்லை என்று எழுது. அபராதம் எவ்வளவு வேண்டுமானாலும் போடு. தப்பு செய்தது நான்தானே, அது என்ன செய்தது?

“ஒன்னும் செய்யலதான் அம்மா” என்றாள் ஒனாலென்னா. அவள் குரலில் கோபம் இல்லை. நோட்டைத் திருப்பி, பேனாவை அதன் மேல் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய கோட்டைக் காட்டினாள்.

தடுப்புக் கம்புக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி வந்து நின்றது. பின்னால் ட்ரெய்லர், பின் ஜன்னலில் இரண்டு சின்ன முகங்கள். அலீடா அதைப் பார்த்தாள். பிய்ந்த கட்டைவிரலோடு பேனாவைப் பிடித்துத் தன் பெயரை எழுதினாள்.

பிறகு போய் பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்து ஃபானின் கையை எடுத்துக்கொண்டாள். கை வெதுவெதுப்பாக இருந்தது. ஒனாலென்னா வானொலியை வாயருகே கொண்டுபோய்த் தன் மொழியில் பேச ஆரம்பித்தாள். பேச்சு புரியவில்லை. தன் இடது காதை அவள் விரலால் தொட்டுக் காட்டியது மட்டும் புரிந்தது, கேட்கிறவர் பார்க்கவா போகிறார்.

“நல்ல யானை அது” என்றான் ஃபான், கண்ணை மூடியபடி. “உன்னை ஒன்னும் பண்ணலயே.”

“ஆமா” என்றாள் அலீடா. “ஒன்னும் பண்ணல.”